வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெயர்கள்: ஆட்சி மாற்றம் பற்றிச் சபையில் கேட்ட கேள்விகள்

இதை எழுதுவது யார், எதற்காக?

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் நான் மூப்பர். புதன்கிழமை மாலை வேதபாடம் நடத்துவது என் பொறுப்பு. அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியான நாளில் இருந்து, பாடம் முடிந்து தேநீர் ஊற்றும் நேரத்தில் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நான் வேதத்தை எழுதியிருக்கிறபடியே நம்புகிறவன். திருமணம், குடும்பம், ஞாயிறு ஆராதனை எல்லாவற்றிலும் பழைய ஒழுங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன். எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கள் போதகர் இதை வாசித்துப் பார்த்தார். ஆனால் கருத்துகள் என்னுடையவை, சபையின் அறிக்கை அல்ல.

நடந்தது என்ன?

தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார். ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவுசெய்தது. பிறகு 2024 செப்டம்பர் 21இல் தேர்தல். வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். யாருக்கும் பாதி வாக்கு வராததால், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 42.31 வீதம். 2019இல் அதே மனிதருக்குக் கிடைத்தது 3 வீதத்தைச் சற்றே தாண்டியது. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ எடுத்தது, யாழ்ப்பாண மாவட்டத்தில் மூன்று உட்பட.

வாக்கு எண்ணிய ஞாயிறு மறக்காது. நண்பகல்வரை ஊரடங்கு நீடித்தது. காலை ஆராதனை இல்லை. வீட்டு முன்னறையில் ஐந்து பேர், ஒரு பாட்டுப் புத்தகம், என் மகளின் போனில் தேர்தல் முடிவு. "போனை மூடி வை" என்று நான் சொல்ல, "அப்பா, யாருக்காக ஜெபிக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "அதிகாரத்தில் வரப்போகிறவருக்காக" என்று மட்டும் சொல்லி ஜெபித்தேன்.

ஜே.வி.பி.யில் இருந்து வந்தவருக்காக விசுவாசி ஜெபிக்கலாமா?

அடிக்கடி கேட்கப்படுவது இதுதான், அதுவும் என் வயதுக்காரர்களிடமிருந்து. அவர்களுடைய பயத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஜனதா விமுக்தி பெரமுன, அதாவது ஜே.வி.பி., மார்க்சியக் கட்சி. அநுரவின் தேசிய மக்கள் சக்தியை முன்னின்று நடத்துவதும் அதுதான். 1971 ஏப்ரலிலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் எடுத்தது. இரண்டாவது முறை கொழும்பில் ஒரு துண்டுச் சீட்டு வந்தால் கடை பூட்டிய காலம். அதை அடக்க அரசு செய்த கொலைகளும் அதே அளவு கொடூரம். கடவுள் இல்லை என்று சொல்லும் கொள்கையில் வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வரும்போது ஒரு விசுவாசிக்கு நெஞ்சு திக் என்பதில் தப்பில்லை.

ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்கு "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கச் சொன்ன காலத்தில் ரோமில் இருந்தது யார்? நீரோ. அவனுடைய கொள்கையைப் பார்த்து, பிடித்திருந்தால் ஜெபியுங்கள் என்று பவுல் எழுதவில்லை. "யாவருக்காகவும்" என்பதற்குள் எனக்குப் பிடிக்காதவரும் அடக்கம். ஜெபிப்பது வாக்களிப்பது அல்ல, மாலை போடுவதும் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014இல் கட்சித் தலைவரான பிறகு, பிபிசிக்குக் கொடுத்த நேர்காணலில், 1980களின் கடைசியில் தங்கள் கட்சி செய்த கொலைகளுக்காக அநுர மன்னிப்புக் கேட்டார். மனந்திரும்புதலைப் பற்றி ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் கேட்கிற நாங்கள், ஒருவர் வாய்திறந்து "தவறு" என்று சொல்லும்போது அதை எண்ணாமல் விடலாமா? இந்த நாட்டில் எத்தனை தலைவர்கள் அவ்வளவாவது சொன்னார்கள்?

ரோமர் 13ஐ நம்புகிறவர்கள் 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போனது பாவமா?

நான் போகவில்லை. என் மகன் போனான், தண்ணீர்ப் போத்தல்கள் நிறைந்த பையுடன், எனக்குச் சொல்லாமல். தெரிந்தபோது மிகவும் கோபப்பட்டேன். "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை" என்ற வசனத்தை அவன் முகத்துக்கு நேராக வாசித்தேன். அவன் மூன்று வசனம் தள்ளி வாசித்துக் காட்டினான்: "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு, அவன் தேவஊழியக்காரனாயிருக்கிறான்." "நன்மை எங்கே அப்பா?" என்றான். அப்போது வீட்டில் எரிவாயு முடிந்து மூன்றாம் நாள். அம்மா பின்கட்டில் விறகு மூட்டிக்கொண்டிருந்தா.

பல நாள் யோசித்துத்தான் இப்போது எழுதுகிறேன். எங்கள் அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புரை இறைமை மக்களிடம் இருக்கிறது என்கிறது. ஜனாதிபதியும் அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவர். அப்படியானால் இந்த நாட்டில் "மேலான அதிகாரம்" என்பது ஒரு மனிதர் மட்டும் அல்ல. கொடி பிடித்து நின்று, கணக்குக் காட்டு என்று கேட்பது கலகம் அல்ல. அதை என் மகனிடம் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் விட மாட்டேன். மே 9ஆம் திகதி முதலில் ஆட்சியின் ஆதரவாளர்கள் போராட்டக்காரர்களை அடித்தார்கள். பிறகு நாடெங்கும் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இறந்தார். ஜூலை 9 இரவு ரணிலின் சொந்த வீட்டையும் கொளுத்தினார்கள், அவருடைய புத்தகங்களோடு. 1983 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த எந்தத் தமிழனும் ஒரு வீடு எரிவதைப் பார்த்துக் கைதட்டக் கூடாது. தாவீது குகைக்குள் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. அத்தனைக்கும் சவுல் அவனைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்தவன். மாளிகைக் கட்டிலில் படுத்துப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியை நான் வாசித்துக் காட்ட விரும்புகிறேன். கோபத்தோடு அல்ல, பக்கத்தில் இருந்து.

"இவர் தேவன் எழுப்பிய தலைவர்" என்று தீர்க்கதரிசனம் சொல்கிறார்களே?

2019இலும் சொன்னார்கள், வேறொருவரைப் பற்றி. தானியேல், கர்த்தர் "ராஜாக்களைத் தள்ளி, ராஜாக்களை ஏற்படுத்துகிறவர்" என்கிறான். தள்ளுவதும் அவர்தான். ஆகவே எந்த ஆட்சியும் அவர் அறியாமல் வருவதில்லை. அதற்காக ஒருவருடைய தேர்தல் சுவரொட்டியில் தேவனுடைய பெயரை ஒட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை.

எங்களை அழித்த ஆட்சிகளுக்காக ஏன் ஜெபிக்க வேண்டும்?

இதற்கு வசனத்தால் மட்டும் பதில் சொல்ல என்னால் முடியாது. வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

1983 ஜூலையில் எனக்குப் பதினொரு வயது. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த வீடு 25ஆம் திகதி மத்தியானம் எரிந்தது. ஒரு சிங்கள அயலவர் எங்களைத் தன் குளியலறையில் இரவுவரை வைத்திருந்து, பிறகு பம்பலப்பிட்டியில் அகதி முகாமாகிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். 28ஆம் திகதி ஜே. ஆர். ஜெயவர்த்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். யாரோ ஒருவருடைய வானொலியைச் சுற்றி நின்று கேட்டோம். வீடு இழந்தவர்களுக்கு, செத்தவர்களுக்கு, ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை.

அந்த ஞாயிறு ஒரு வகுப்பறையில் ஆராதனை நடந்தது. கரும்பலகையில் யாரோ எழுதிய பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் என் அப்பா எழுந்து ஜெபித்தார். முகாமில் இருந்த பிள்ளைகளுக்காக, காணாமல் போன ஆட்களுக்காக, பிறகு "எங்கள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனவுக்காக." அறை அப்படியே அமைதியாகிவிட்டது. ஆமென் சொன்னவர்கள் குறைவு. என் அம்மா சொல்லவில்லை.

அன்றிரவு அம்மா அவரிடம் ஏன் என்று கேட்டா. பாயில் படுத்திருந்த எனக்கும் கேட்டது. அப்பா சொன்னார்: "அவரைப் பற்றி ஆண்டவரிடம் முறையிட எனக்கு நிறைய இருக்கிறது. அவருக்காக ஜெபிக்காமல் எந்த வாயால் முறையிடுவேன்?"

எரிந்த வீட்டோடு அவருடைய பழைய வேதாகமமும் போய்விட்டது. முகாமில் கொடுத்த புதிய வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில், அவர் பென்சிலால் ஜே. ஆரின் பெயரையும் திகதியையும் எழுதினார். அதற்குக் கீழே ஒவ்வொன்றாகப் பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா, மஹிந்த. ஒருவர் பெயரையும் அவர் வெட்டவில்லை. 1993 மே தினத்தன்று பிரேமதாச கொல்லப்பட்ட பிறகும் பெயரின் பக்கத்தில் திகதி மட்டும் எழுதினார். 2012இல் அப்பா போய்விட்டார். மைத்திரிபால, கோட்டாபய, ரணில், அநுர என்ற நான்கும் என் கையெழுத்து. மொத்தம் ஒன்பது.

அம்மாவுக்கு அந்தப் பக்கம் பிடிக்காது. இப்போதும் அதைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வா. அதையும் நான் மதிக்கிறேன். ஆமென் சொல்ல முடியாதவர்களைச் சபை அவசரப்படுத்தக் கூடாது.

அப்படியானால் தமிழர் பிரச்சினையில் இந்த ஆட்சியிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லையா?

நிறைய இருக்கிறது. வடக்கு கிழக்கு இணைப்பை எதிர்த்து நீதிமன்றம் போய், 2006இல் அதைப் பிரிக்க வைத்தது ஜே.வி.பி. அதை யாழ்ப்பாணத்தில் வாக்குப் போட்டவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்தவர்கள் இவர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றும்படி கேட்க வேண்டும். மாகாண சபைத் தேர்தல், காணி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், இதெல்லாம் ஜெபக் குறிப்பிலும் இருக்க வேண்டும், எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதத்திலும் இருக்க வேண்டும். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றியபோது அதை நிறுத்தியது உச்ச நீதிமன்றம். யாரோ ஒருவர் மனுப் போட்டதால்தான் அது நடந்தது. ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்தால் நடந்திருக்காது.

ஈஸ்டர் தாக்குதலுக்கு நீதி கிடைக்குமா?

2019 ஏப்ரல் 21. எங்கள் ஆலயத்தில் இரண்டாவது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். கொச்சிக்கடைப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை, மூன்று ஹோட்டல்கள், எல்லாவற்றிலும் குண்டு வெடித்தது. 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து ஒன்றை மட்டும் அதன் தகப்பன் இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார்.

முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அநுர பதவிக்கு வந்த சில நாட்களில் கட்டுவாப்பிட்டி ஆலயத்துக்குப் போய் விசாரணை நடக்கும் என்று சொன்னார். நான் அதை நம்ப விரும்புகிறேன். ஆனால் இதைச் சொன்ன முதல் ஜனாதிபதி இவர் இல்லை. இந்த விஷயத்தில் சபை வாய் மூடக் கூடாது. கத்தோலிக்கர், புரொட்டஸ்தாந்தர் என்று பிரிந்து நிற்கவும் கூடாது.

திருமணம், ஒழுக்கம் பற்றிய சட்டங்கள் மாறிவிடுமோ?

ஒரே பாலினத்தாருடைய உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இந்தப் பேச்சு இந்த ஆட்சியோடு தொடங்கியது அல்ல. திருமணம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தேவனுக்கு முன் செய்யும் உடன்படிக்கை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பாராளுமன்றம் என்ன எழுதினாலும் மாறாது. ஆனால் அந்த நம்பிக்கையைக் காக்கப் பொலிஸ்காரனின் தடி தேவை என்று நான் நினைக்கவில்லை. ஒருவரைத் தெருவில் பிடித்து அவமானப்படுத்துவதை எந்த அப்போஸ்தலரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. இதில் சபையில் எல்லாரும் என்னோடு ஒத்துப்போவதில்லை.

என்னைக் கேட்டால், எங்கள் குடும்பங்களை உடைப்பது சாராயமும் சூதும்தான். ஆட்சி மாறும் காலத்தில் மதுக்கடை அனுமதிப்பத்திரங்கள் எப்படிக் கொடுக்கப்பட்டன என்று பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் இருந்து பிரதான வீதிக்கு நடந்தால் இரண்டு மதுக்கடை. ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

மதச் சுதந்திரம் எப்படி இருக்கிறது?

கட்சி எதுவானாலும் சட்டத்தின் நிலை ஒன்றுதான். 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10உம் 14(1)(உ)வும் எல்லாருக்கும் நம்பவும் வழிபடவும் உரிமை கொடுக்கின்றன. மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்று 2003இல் ஒரு கன்னியர் சபையின் சட்டமூலம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்து, நிறைவேறாமல் போனது. 2008இல் புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி வேண்டும் என்று வந்த சுற்றறிக்கையைக் காட்டித்தான் சிறிய சபைகளை அலைக்கழிக்கிறார்கள்.

வீட்டில் கூடும் சபைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், ஒலிபெருக்கியைக் குறையுங்கள், யாராவது வந்து மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் இலக்கத்தை வைத்திருங்கள். அயல்வீட்டுக்காரருக்கு நத்தார் கேக் கொடுப்பதும் ஒரு பாதுகாப்பு.

போதகர் யாருக்கு வாக்களிக்கச் சொல்லலாம்?

யாருக்கும் சொல்லக் கூடாது. பிரசங்க பீடம் அதற்கானது அல்ல. இலஞ்சம் வாங்காதே, பொய் சொல்லாதே, ஏழையின் கூலியைப் பிடிக்காதே என்று பெயர் சொல்லாமல் பிரசங்கித்தால் கேட்கிறவர்களுக்கு விளங்கும்.

அமெரிக்கத் தேர்தல் பற்றியும் வீடியோக்கள் வருகின்றனவே?

வருகின்றன, 2024 நவம்பரில் இன்னும் அதிகமாக. அங்குள்ள சகோதரர்கள் அவர்களுடைய தலைவருக்காக ஜெபிக்கட்டும். கொழும்பு மாநகர சபை குப்பை எடுக்க வராததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வாஷிங்டனுக்காக இரவு முழுக்க விழித்திருப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

சரி, புதன்கிழமை என்ன சொல்லி ஜெபிக்கிறீர்கள்?

எரேமியா பாபிலோனில் இருந்தவர்களுக்கு எழுதியதில் தொடங்குவோம்: பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பிறகு பெயர் சொல்லி: ஜனாதிபதி, பிரதமர் ஹரிணி அமரசூரிய, எதிர்க்கட்சித் தலைவர், நீதியரசர்கள், எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம், கிராம சேவகர். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் நடுவில் முடிவெடுப்பவர்களுக்கு ஞானம் வேண்டும் என்று கேட்போம். பெறுமதி சேர் வரி 18 வீதமானபோது சோறு குறைந்த வீடுகளை நாங்கள் அறிவோம், ஆகவே அந்த வீடுகளையும் பெயர் சொல்லி ஜெபிப்போம்.

பதவியேற்றபோது, தான் மந்திரவாதி அல்ல, சாதாரண குடிமகன்தான் என்று அநுர சொன்னார். அதை நான் ஜெபக் குறிப்பின் மேலே எழுதி வைத்திருக்கிறேன். அவர் அதை மறக்காமல் இருக்கவும், நாங்களும் அவரிடம் மந்திரத்தை எதிர்பார்க்காமல் இருக்கவும்.

கடைசியாக ஜெபிப்பது பெரும்பாலும் எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர், எண்பதைத் தாண்டியவர். ஜனாதிபதியின் முழுப் பெயர் அவருக்கு வாயில் நுழையாது. "அந்தத் தம்பி" என்பார். போன புதன்கிழமை அவர் ஜெபித்தது இது: "ஆண்டவரே, அந்தத் தம்பிக்கு இராத்திரியில் நித்திரையைக் கொடும். பொய் சொல்லுகிறவர்களை அவர் பக்கத்தில் இருத்தாதேயும். எங்கட பிள்ளைகளை அவர் மறந்தால் நீரே ஞாபகப்படுத்தும்." பிறகு முழங்காலில் இருந்து எழும்ப என் கையைப் பிடித்துக்கொண்டார்.